25 மீட்டர் குதிரைலாட நண்டு பொம்மை மாதிரி தெரியாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

லதா_டீச்சர்_உட்லண்ட்ஸ்

வணக்கம். டிசம்பர் விடுமுறையில் உயர்நிலை 2 பிள்ளைகள் 6 பேர் சேர்ந்து 4 நிமிட அசுரப் படம் ஒன்று எடுக்கப் போகிறார்கள். சிங்கப்பூரின் மண்டாய் சேற்றிலிருந்து ராட்சதக் குதிரைலாட நண்டு ஒன்று கிளம்பி, சிராங்கூன் சாலைக் கடைவீடுகள் வரை வந்துவிடுகிறது. இதுதான் கதை. கணினி வேலை எதுவும் வேண்டாம், பழைய ஜப்பானியப் படங்கள் மாதிரி கையால் செய்த செட்டும் உருவமும் போதும் என்று பிள்ளைகளே முடிவு செய்திருக்கிறார்கள்.

இரண்டு போன் இருக்கிறது, இரண்டுமே விநாடிக்கு 240 ஃபிரேம் வரை எடுக்கும். எல்இடி விளக்கு இரண்டு, சமூக மன்றத்தில் ஒரு பல்நோக்கு அறை, செலவு 200 வெள்ளிக்குள். அட்டையில் ஒரு வீடு செய்து இடித்துச் சோதனை எடுத்தோம். பார்த்தால் மேசை மேல் அட்டைப்பெட்டி சரிகிறது, அவ்வளவுதான். கட்டடம் விழுகிற கனம் வரவே இல்லை.

வீட்டை எந்த அளவில் செய்வது, எதில் செய்வது, எவ்வளவு வேகத்தில் எடுப்பது? அறிவியல் மன்றமும் கூடச் சேர்ந்திருப்பதால் அந்த உயிரினத்தைப் பற்றிய விவரங்கள் சரியாக இருக்க வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சட்டகம்120

டீச்சர், முதலில் அளவை முடிவு செய்யுங்கள். மற்ற எல்லாம் அதிலிருந்துதான் வரும். உங்கள் கதைக்கு 25-க்கு 1 சரியாக இருக்கும்.

மூன்று மாடிக் கடைவீடு சுமார் 11 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் செட்டில் அது 44 செ.மீ. கடைவீட்டு முன்புற நடைபாதையான ஐந்தடிப் பாதையின் அகலம் 6 செ.மீ. 1 மீட்டர் நீள நண்டு திரையில் 25 மீட்டர். எல்லாமே ஒரு மேசைக்குள் அடங்கும். 1954-இல் வந்த முதல் காட்ஸில்லாவுக்கும் 25-க்கு 1 அளவில்தான் டோக்கியோவைக் கட்டினார்கள். கதையில் அந்த அசுரன் 50 மீட்டர், உடைக்குள் இருந்த நடிகரோடு சேர்த்து 2 மீட்டர்.

இப்போது கனம் ஏன் வரவில்லை என்பதற்கு வருவோம். 11 மீட்டர் உயரத்திலிருந்து விழும் செங்கல் தரையைத் தொட 1.5 விநாடி ஆகும். 44 செ.மீ.யிலிருந்து விழுந்தால் 0.3 விநாடி. பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது, ஆனால் கண் கண்டுபிடித்துவிடும். விழும் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதனால் 25 மடங்கு சின்ன செட்டுக்கு 5 மடங்கு மெதுவாக்க வேண்டும். 24 ஃபிரேமில் ஓடும் படத்துக்கு 24 × 5 = 120 ஃபிரேம். உங்கள் போன் அதைத் தாராளமாக எடுக்கும்.

நிறையப் பேர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. போனில் இருக்கும் ஸ்லோ மோஷனை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பல போன்கள் 120-ஐ 30-இல் ஓட்டிக் காட்டும், அது 4 மடங்குதான். எடிட்டிங் டைம்லைனை 24-இல் திறந்து, மூலக் காட்சியைப் போட்டு, வேகத்தை 20 விழுக்காடு ஆக்குங்கள். மடங்கு கூடினால் இன்னும் பிரம்மாண்டமாக இருக்கும் என்று 240-இல் எடுத்து 10 மடங்கு இழுத்தால் கட்டடம் நிலவில் விழுவதுபோல் மிதக்கும். 240 உங்களுக்குத் தேவையில்லை.

நண்டை இயக்கும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிப் பழக்க வேண்டும். பெரிய உருவம் என்பதால் மெதுவாக நகர்த்தத்தான் கை போகும். 5 மடங்கு மெதுவானால் அது உறைந்து நிற்கும். திரையில் ஓர் அடி எடுத்துவைக்க 2 விநாடி வேண்டும் என்றால் கையால் 0.4 விநாடியில் செய்து முடிக்க வேண்டும். தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலியை நிமிடத்துக்கு 150 தட்டு என்று வைத்து, தட்டுக்கு ஓர் அடி என்று ஒத்திகை பாருங்கள்.

அடுத்தது விளக்கு. 120 ஃபிரேமுக்கு ஷட்டர் 1/240 வைத்தால் வழக்கமான படப்பிடிப்பைவிட 5 மடங்கு வெளிச்சம் வேண்டும். இன்னொரு தொல்லையும் இருக்கிறது. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அறையின் கூரை விளக்குகள் விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கக்கூடும். 120-இல் எடுக்கும்போது அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விநாடிக்கு 20 துடிப்பு. 5 மடங்கு மெதுவாக்கினால் திரையில் விநாடிக்கு 4 முறை வெளிச்சம் பம்மும். எடிட்டிங்கில் இதைச் சரிசெய்வது பெரும் பாடு. கூரை விளக்கை அணைத்துவிடுங்கள். எல்இடியை மின்கலத்தில் ஓட்டி, பிரகாசத்தை 100 விழுக்காட்டில் வையுங்கள். குறைத்தால் பல விளக்குகள் வேகமாக அணைந்து எரிந்துதான் மங்கலாகின்றன. வெளிச்சம் அதிகமென்றால் விளக்கைத் தள்ளி வையுங்கள், குமிழைத் திருப்பாதீர்கள்.

ஆனால் இரண்டு சின்ன விளக்கு போதுமா என்பது சந்தேகமே. இடிபடும் காட்சியை வெளியே வெயிலில் எடுப்பதுதான் என் கருத்து. காலை 9 முதல் 10 அல்லது மாலை 4 முதல் 5. நண்பகலில் இங்கே சூரியன் உயரத்தில் நிற்கும், நிழல் குட்டையாகத்தான் விழும், நீண்ட நிழல் இல்லாத செட்டில் ஆழம் தெரியாது. டிசம்பர் வடகிழக்குப் பருவமழைக் காலம், மாற்று நாள் ஒன்றை இப்போதே குறித்து வையுங்கள்.

கேமராவின் உயரம்: தெருவில் நிற்கும் மனிதனின் கண் 1.6 மீட்டரில் இருக்கும், உங்கள் செட்டில் அது 6.4 செ.மீ. போனைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் லென்ஸ் மேசைக்குப் பக்கத்தில் வந்துவிடும். படத்தைப் பிறகு நிமிர்த்திக்கொள்ளலாம். ஐந்தடிப் பாதைக்குள்ளேயே லென்ஸை வைத்து, தூண்களுக்கு நடுவே நண்டின் கால் இறங்குவதைக் காட்டினால், அந்த ஒரு காட்சியே படத்தைத் தூக்கிவிடும். பின்னணி மங்கினால் உடனே பொம்மை வாசனை வந்துவிடும், ஆகவே போர்ட்ரெய்ட் மங்கல் எதுவும் வேண்டாம். புதிய போன்களின் முதன்மை லென்ஸ் பக்கத்தில் இருப்பதைக் கொஞ்சம் மங்கலாக்கும். அகல லென்ஸ் 120-இல் எடுக்கும் என்றால் அதைப் பயன்படுத்துங்கள். மற்றக் காட்சிகளில் முன்னால் இருக்கும் பொருள் லென்ஸிலிருந்து 50 செ.மீ.யாவது தள்ளி இருக்கட்டும். குவியத்தையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிட்டுத்தான் இடிக்க வேண்டும்.

குணா_செட்வேலை

அட்டை உடையாது, மடங்கும். உங்கள் சோதனையில் பாதிப் பிரச்சினை அதுதான். முகப்புச் சுவரை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்க்க வேண்டும்.

வெறும் பிளாஸ்டர் என்றால் கன அளவில் 2 பங்கு மாவுக்கு 1 பங்கு தண்ணீர். அது உங்களுக்கு அதிக உறுதி. செடிக்கடையில் விற்கும் பெர்லைட்டை நன்றாக நொறுக்கி, பிளாஸ்டரோடு சம பங்கு சேர்த்து, இட்லி மாவுப் பதத்துக்குத் தண்ணீரில் கலக்குங்கள். தண்ணீரில்தான் மாவைத் தூவ வேண்டும், மாவில் தண்ணீர் ஊற்றினால் கட்டி கட்டியாக நிற்கும். தூவியபின் ஒன்றிரண்டு நிமிடம் ஊறவிட்டு, குமிழி வராமல் மெதுவாகக் கலக்குங்கள். ஃபோம் போர்டில் 44 × 22 செ.மீ. சட்டம், உள்பக்கம் வாசலின் பூச்சு, சன்னல் வரும் இடத்தில் ஃபோம் துண்டுகள். 5 மி.மீ. கனத்துக்கு ஊற்றினால் போதும். ஆறு முகப்புக்கு 3 லிட்டர் கலவை வரும்.

இறுகி ஒரு மணி நேரத்துக்குள், ஈரம் இருக்கும்போதே, சுவரின் பின்பக்கத்தில் பிளேடால் 2 மி.மீ. ஆழத்துக்குக் கோணல்மாணலாகக் கீறுங்கள். நேர்கோடாகக் கீறினால் பிஸ்கட் மாதிரி சதுரமாக உடையும். கீழ்மாடிக்குப் பெரிய துண்டு, மேலே போகப் போகச் சின்னது. 4 செ.மீ. துண்டு திரையில் 1 மீட்டர் கான்கிரீட் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கீறினால் போதும்.

இங்கத்திய ஈரப்பதத்தில் பிளாஸ்டர் சீக்கிரம் காயாது. ஈரமான சுவர் சொத்தென்று கட்டியாக விழும், தூசியும் பறக்காது. மின்விசிறி அடியிலோ குளிர்சாதன அறையிலோ மூன்று நாள் நிறுத்தி வையுங்கள். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சில்லென்று இருக்கக் கூடாது. அவசரத்துக்கு ஓவனில் வைக்க வேண்டாம். அதிகச் சூட்டில் இறுகிய பிளாஸ்டரான ஜிப்சத்தின் உள்ளே பிணைந்திருக்கும் நீரும் போய்விடும், சுவர் மாவாக உதிரும்.

இடிப்பதற்கு நண்டால் முட்டாதீர்கள். அடித்தூணில் மெல்லிய நைலான் கயிறு கட்டி, நண்டு தொடும் அதே கணத்தில் ஒருவர் பின்னாலிருந்து இழுக்க வேண்டும். அடி போனால் மேல்மாடி தானாக உட்காரும். அதுதான் கட்டடம் விழும் விதம். வீட்டுக்குள்ளே தரை, மாடித் தளம், இரண்டு நாற்காலி, பழைய நாட்காட்டித் துண்டு எல்லாம் இருக்கட்டும். காலிப் பெட்டி உடைந்தால் உள்ளே ஒன்றுமில்லை என்பது ஒரே ஃபிரேமில் தெரிந்துவிடும்.

தூசிக்கு முல்தானி மட்டி. லிட்டில் இந்தியா மளிகைக் கடைகளில் கிடைக்கும். திரைப்படத் தூசிக்கு உலகெங்கும் இந்தக் களிமண் வகையைத்தான் நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். மாடித் தளத்தின் மேல் ஒரு பிடி, கூரைக்கு அடியில் ஒரு பிடி தூவி வைத்தால் சரியும்போது தானே கிளம்பும். எல்லோருக்கும் என்95 முகக்கவசம் கட்டாயம், களிமண் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

இதைப் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்லுங்கள்: கோதுமை மாவு, அரிசி மாவு, சோளமாவு, வண்ணப்பொடி எதையும் காற்றில் தூவக் கூடாது. அவை எரியும். காற்றில் கலந்த நிலையில் ஒரு பொறி பட்டால் வெடிக்கும். 2015 ஜூனில் தைவான் நீர்க்கேளிக்கைப் பூங்கா ஒன்றில் சோளமாவு வண்ணப்பொடி தீப்பற்றி 15 பேர் இறந்தார்கள். முல்தானி மட்டி கனிமம், எரியாது.

தண்ணீரை விட்டுவிடுங்கள். துளியின் அளவை முடிவு செய்வது பரப்பு இழுவிசை. நீங்கள் செட்டைச் சுருக்கினாலும் துளி சுருங்காது. 3 மி.மீ. துளி திரையில் 7.5 செ.மீ. உருண்டையாகத் தெரியும். நண்டு கடலிலிருந்து எழும் காட்சி வேண்டாம், சேற்றிலிருந்து எழட்டும்.

மண்டாய்_சேறு

அருமையான உயிரினத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கற்பனையாக எதையும் சேர்க்கத் தேவையில்லாத அளவுக்கு அது ஏற்கனவே விநோதம்.

பெயரில்தான் நண்டு. உறவு சிலந்தி, தேள் பக்கம். இதன் வகையைச் சேர்ந்த, சுமார் 44 கோடி ஆண்டு பழைய தொல்லுயிர் எச்சம் கிடைத்திருக்கிறது, டைனோசர்களுக்கு வெகுகாலம் முன்பு. உலகில் 4 இனம், சிங்கப்பூரில் 2. மண்டாய் சேற்றில் இருப்பது சதுப்புநில இனம், நான்கிலும் சின்னது. அதன் வால்முள்ளின் குறுக்குவெட்டு வட்டம். இன்னொன்றான கடலோர இனத்துக்கு முக்கோணம். வாலைச் செய்யும்போது பிள்ளைகள் இதைக் கவனிக்கட்டும், வட்டக் குச்சியே போதும். வால்முள்ளில் விஷம் கிடையாது, அது கொட்டாது. மல்லாந்து விழுந்தால் நிமிர்வதற்கும் திசை திருப்புவதற்கும்தான் அது. ஆகவே உங்கள் அசுரன் வாலால் குத்தக் கூடாது. மல்லாந்து விழுந்து, வாலைத் தரையில் ஊன்றி, வளைந்து எழட்டும். தெருவே புரளும் அந்தக் காட்சிக்கு.

அடிப்பக்கம்: முன்னால் சின்ன இடுக்கி ஒரு ஜோடி, அடுத்து, நடப்பதற்கான கால்கள் 5 ஜோடி. கடைசி ஜோடியின் நுனி இலைபோல் விரிந்து சேற்றை உந்தும். வாய், கால்களுக்கு நடுவே. தாடை கிடையாது. கால்களின் அடிப்பகுதியில் உள்ள முட்களே உணவை அரைத்து வாய்க்குள் தள்ளும், அதாவது நடக்கும்போதுதான் மெல்லும். இதைவிடப் பயங்கரமான ஒன்றை எந்தக் கதாசிரியரும் யோசித்ததில்லை. அதற்குப் பின்னால் புத்தகத் தாள்களைப் போல அடுக்கிய செவுள்கள்.

தோலுரிப்பதும் படத்துக்கு உதவும். சாதாரண நண்டு பின்பக்கமாக வெளியேறும். இது ஓட்டின் முன்விளிம்பு பிளந்து முன்பக்கமாக நகர்ந்து வரும். முதல் காட்சியில் சேற்றில் 20 மீட்டர் காலி ஓடு மட்டும் கிடக்கட்டும், முன்விளிம்பு திறந்தபடி. அசுரனைக் காட்டாமலே பயம் வந்துவிடும், செலவும் இல்லை.

ரத்தம் நீலம். நம் ரத்தத்தில் இரும்பு, இதில் ஹீமோசயனின் என்ற செம்புப் புரதம். ஆக்சிஜன் சேர்ந்தால் நீலமாகும், இல்லாதபோது வெளுத்திருக்கும். அதனால் காயத்திலிருந்து வரும்போது சாம்பல் வெள்ளையாகவும் காற்றுப் பட்டபின் பால்நீலமாகவும் காட்டினால் சரி. கண்ணாடிபோல் தெளிந்த நீலம் தவறு.

முடிவுக்கு ஒரு யோசனை. பாக்டீரியா நச்சு பட்டால் இந்த ரத்தம் கூழாக உறைந்துவிடும். 1956-இல் பிரடெரிக் பேங் என்ற ஆய்வாளர் இதைக் கண்டறிந்து வெளியிட்டார். அதை வைத்துத்தான் தடுப்பூசி, ஊசி மருந்துகளில் அந்த நச்சு இருக்கிறதா என்று பல பத்தாண்டுகளாகச் சோதிக்கிறார்கள். குண்டுக்கும் பீரங்கிக்கும் அசையாத அசுரனை உயர்நிலைப் பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் ஒருவர் நிறுத்திவிட முடியும், அறிவியலும் பொய்யாகாது.

அறிவியல் மன்றம் கட்டாயம் பேச வேண்டியது, இப்படி ஒன்று ஏன் இருக்க முடியாது என்பது. நீளம் 100 மடங்கானால் காலின் குறுக்குப் பரப்பு 10,000 மடங்கு, எடை 10,00,000 மடங்கு. ஒவ்வொரு காலும் தாங்க வேண்டிய அழுத்தம் 100 மடங்கு. 1638-இலேயே கலிலியோ இதை எலும்புகளை வைத்து விளக்கிவிட்டார். செவுளுக்கும் அதே கதை: பரப்பு பின்தங்கும், ஆக்சிஜன் கேட்கும் உடல் முந்திவிடும். படம் முடிந்தபின் ஒரு சுவரொட்டியாக வைக்கலாம்.

உயிருள்ளதையோ காலி ஓட்டையோ எடுத்துவர வேண்டாம். அங்கேயே அளவுகோலை வைத்துப் படமெடுத்தால் மாதிரி செய்யப் போதும்.

குணா_செட்வேலை

ரத்தம், சேறு இரண்டுக்கும் மெதில்செல்லுலோஸ் என்ற கெட்டியாக்கும் பொடி. லிட்டருக்கு 20 கிராம். நேராகக் குளிர்ந்த நீரில் போட்டால் வெளியே வழவழப்பு, உள்ளே காய்ந்த மாவு. இது சூட்டில் கரையாது, குளிரில்தான் கரையும். மூன்றில் ஒரு பங்கு நீரை 80 டிகிரிக்குச் சூடாக்கி, பொடியைத் தூவிக் கலக்குங்கள், மணல் மாதிரி மிதக்கும். மீதி நீரைப் பனிக்கட்டியோடு ஊற்றிக் கலக்கிக்கொண்டே இருந்தால் அரைமணியில் வழுவழுவென்று இழுபடும். ரத்தத்துக்கு அதில் வெள்ளை போஸ்டர் வண்ணம் இரண்டு தேக்கரண்டி, நீல உணவு வண்ணம் சில துளி. சோளமாவுக் கஞ்சியிலும் செய்யலாம், ஆனால் இந்த வெக்கையில் மறுநாளே புளித்து நாறும்.

லதா_டீச்சர்_உட்லண்ட்ஸ்

எல்லோருக்கும் நன்றி! பாக்டீரியா முடிவைப் பிள்ளைகள் உடனே எடுத்துக்கொண்டார்கள். மூன்று சந்தேகம். ரத்தம் இருட்டில் ஒளிர வேண்டும் என்று ஒரு மாணவி கேட்கிறாள், முடியுமா? தூரத்தில் மூடுபனி வேண்டும், புகை இயந்திரம் வாடகைக்கு எடுக்கலாமா? உறுமலுக்கு என்ன செய்வது?

சட்டகம்120

ஒளிர்வது சுலபம், டீச்சர். டானிக் வாட்டரில் குயினைன் இருக்கிறது, புற ஊதா வெளிச்சத்தில் அது நீலமாக ஒளிரும். குணா சொன்ன கலவையில் குளிர்ந்த நீருக்குப் பதில் டானிக் வாட்டரை ஊற்றுங்கள், வெள்ளை வண்ணத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். உப்புப் பட்டால் குளோரைடு அந்த ஒளியைக் கொன்றுவிடும். பிள்ளைகளுக்கே செய்து காட்டலாம்: இரண்டு கோப்பை டானிக் வாட்டர், ஒன்றில் ஒரு தேக்கரண்டி உப்பு. டார்ச் 365 நானோமீட்டர் வேண்டும். மலிவான 395-இல் ஊதா வெளிச்சமே எல்லாவற்றையும் மூடிவிடும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம். வெளிச்சம் குறைவு என்பதால் 120 ஃபிரேம் முடியாது. ரத்தம் வழியும் அண்மைக் காட்சியை 24-இலேயே எடுங்கள், கெட்டியான கலவை தானே மெதுவாகத்தான் வழியும்.

புகை இயந்திரம் வேண்டாம், அறையில் புகை உணரி இருந்தால் கட்டடம் முழுவதும் அபாயமணி அடிக்கும். அரபு ஸ்திரீட் துணிக்கடைகளில் கிடைக்கும் வெள்ளை வலைத்துணி வாங்குங்கள். வீடுகளின் முதல் வரிசைக்கும் இரண்டாவது வரிசைக்கும் நடுவே ஒன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று, சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். தூரத்து வீடுகள் வெளுத்துப்போகும். விளக்கு நேரடியாக வலையில் படக் கூடாது, பட்டால் கண்ணி கண்ணியாகத் தெரியும்.

உறுமி_பிரியன்

உறுமலுக்கு உறுமி மேளமே இருக்கிறதே! காட்ஸில்லாவின் குரலை இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே டபுள் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தின் தந்திகளில்தான் எடுத்தார். பைன் பிசின் தடவிய தோல் கையுறையால் தந்தியை உரசிப் பதிவு செய்து, மெதுவாக ஓட்டினார்கள். ஒட்டிப் பிடித்து, விடுபட்டு, மறுபடி ஒட்டும் அதிர்வு அது. வளைந்த குச்சியால் தோலை உரசும்போது உறுமி அழுவதும் அதே இயற்பியல். தைப்பூசத்துக்கு வாசிக்கும் குழுவில் தெரிந்தவர் இருந்தால் ஒரு மணி நேரம் கேளுங்கள். மெதுவாக அழுத்தி நீளமாக இழுப்பது, வேகமாக வெட்டி இழுப்பது, இரண்டையும் பதிவு செய்யுங்கள்.

கிடைக்காவிட்டால் பெரிய மைலோ டின். அடியில் சின்ன ஓட்டை, 60 செ.மீ. பருத்திக் கயிறு, உள்ளே தீக்குச்சியில் முடிச்சு. வயலின் கடையில் கிடைக்கும் ரோசின் பிசினைக் கயிற்றில் தேய்த்து, ஈரத்துணியால் பிடித்து இழுங்கள். ரோசின் போதவில்லை என்றால் கீச்சென்று மட்டும் வரும்.

48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்து பாதி வேகத்தில் ஓட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும், அது போதும். கால் வேகத்துக்குப் போனால் 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் மிஞ்சாது, போர்வைக்குள்ளிருந்து கத்துவதுபோல் மூடிப்போகும். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் உறுமி உறுமியாகவே இருக்கும்.

மண்டாய்_சேறு

அடிப்பக்கக் கால்கள் அரைக்கும் அண்மைக் காட்சியைக் கையால் இயக்க முயலாதீர்கள், 10 காலுக்கு விரல் போதாது. அதை மட்டும் ஒவ்வொரு படமாக நகர்த்தி எடுங்கள். 2 மி.மீ. அலுமினியக் கம்பியை இரட்டையாக முறுக்கிக் கால் செய்து, விநாடிக்கு 12 படம் எடுத்து ஒவ்வொன்றையும் இரண்டு ஃபிரேம் நிறுத்தினால், 4 விநாடிக்கு 48 படம். எதிர்ப்பக்கக் கால்கள் ஒரே நேரத்தில் உள்ளே வரட்டும், அடுத்த ஜோடி கொஞ்சம் பிந்தி வரட்டும். 1933 கிங் காங்கில் விரல் பட்டுப் பட்டு ரோமம் அலைபாய்வதைப் பார்க்கலாம். ஓட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. சன்னலை மூடிவிடுங்கள், மேகம் நகர்ந்தால் வெளிச்சம் துள்ளும்.

குணா_செட்வேலை

இரண்டு விஷயம் விட்டுப்போயிற்று. வெயிலில் எடுப்பதற்குப் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தையோ அதன் பக்கத்து வெட்டவெளியையோ நினைத்திருந்தால், நகர மன்றத்தில் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். தரையில் பெரிய தார்ப்பாய் விரித்துவிட்டுத்தான் இடிக்க வேண்டும்.

பிளாஸ்டர் கலக்கிய வாளியைத் தொட்டியில் கழுவாதீர்கள், குழாய்க்குள் இறுகிவிட்டால் குழாயையே மாற்ற வேண்டிவரும். இரவு முழுவதும் வாளியைத் தெளியவிட்டு, மேல்நீரை ஊற்றிவிட்டு, அடியில் இறுகியதைத் தட்டி எடுத்துக் குப்பையில் போடுங்கள். பிளாஸ்டர் இறுகும்போது சூடேறும், பிள்ளைகள் அச்செடுக்கிறேன் என்று அதில் கையை அமிழ்த்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.